கொட்டகை வெள்ளையும் ஜிலேபிக் கெண்டையும்

புதுக்கம்பத்தில் யாரும் வாயில் வைத்ததை உடனே விழுங்குவதில்லை. கவளத்தை நாக்கில் நிறுத்தி, கண்ணைப் பாதி மூடி, மூன்று வினாடி காத்திருப்பார்கள். நாக்குக்கு அடியில் பதித்திருக்கும் நாமணி அதற்குள் சுவையை அளந்து, நூற்றுக்கு இத்தனை என்று காதுக்குள் மெதுவாகச் சொல்லிவிடும். எண்பதுக்கு மேல் என்றால் முகம் மலரும். நாற்பதுக்குக் கீழ் என்றால் சுளிக்கும். அதற்கப்புறம்தான் விழுங்குவது. கல்யாணப் பந்தியில் முந்நூறு பேர் முதல் வாய்ப் பாயசத்தோடு ஒரே சமயத்தில் சிலையாகிவிடுவது, பூமியிலிருந்து புதிதாக வந்தவர்களை மட்டும் கொஞ்சம் பயமுறுத்தும்.

செவ்வாய்க் கோளின் பள்ளத்தாக்கு ஒன்றில், கண்ணாடி மாடங்களுக்குள் அமைந்த ஊர் அது. பதினோராயிரம் பேர் இருந்தார்கள். முதலில் வந்தவர்கள் நெல் போட்டுப் பார்த்தார்கள், முளைக்கவில்லை. தென்னை முளைத்து, முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. தினையும் நிலக்கடலையும் பரவாயில்லாமல் வந்தன. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்த திராட்சைக் கொடி மட்டும் அந்தச் சிவப்பு மண்ணில் வீம்புக்குப் படர்ந்தது. மாடத்து விளக்கொளியில் பழம் கறுக்கவில்லை, எவ்வளவு பழுத்தாலும் பச்சையாகவே இருந்தது. அதனால் ஊரில் கிடைத்ததெல்லாம் வெள்ளை ஒயின்தான். சுத்திகரித்த தண்ணீருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று அளவு உண்டு, ஒயினுக்கு அளவு இல்லை. சாப்பாட்டோடு ஒரு குவளை ஒயின் என்பது அங்கே மோர் மாதிரி.

அப்படிச் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய மலிவு ஒயின்கள் ஏழு இருந்தன. எந்த ஒயின் எந்தச் சாப்பாட்டோடு சேரும் என்று ஆண்டுதோறும் சுவைத்துப் பார்த்துச் சான்று தருவதற்குச் சுவைத்துறை என்று ஒரு துறையும், அதில் இணைசுவைஞர் என்று ஒரு பதவியும் இருந்தன. அந்தப் பதவியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருந்தவர் பூவராகன். ஐம்பத்தொரு வயது, ஒல்லியான உடம்பு, எதையும் எழுதிவைத்துக்கொண்டு பேசுகிற சுபாவம். எட்டு வயதில் அவருக்கு நாமணி பதித்தார்கள். அதற்குப் பின் அவர் சாப்பிட்ட ஒவ்வொரு வாய்க்கும் ஓர் எண் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை தினை இட்லியைப் பிட்டு வாயில் வைத்துக் காத்திருந்தார். மூன்று வினாடி ஆயிற்று. பத்தாயிற்று. காதில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார். இட்லி தானாகவே கரைந்து தொண்டைக்குள் போய்விட்டது. அது நன்றாக இருந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

நாமணி செத்துப்போயிருந்தது. மாற்று நாமணி பூமியிலிருந்து கப்பலில் வர ஏழு மாதம் ஆகும். கண் தெரியாத ஓட்டுநரையாவது இரக்கப்பட்டு வேறு வேலைக்கு மாற்றுவார்கள். நாமணி இல்லாத இணைசுவைஞரை என்ன செய்வார்கள் என்று விதிப்புத்தகத்திலேயே இல்லை, அப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. போதாக்குறைக்கு ஆண்டுச் சுவையமர்வுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பூவராகன் யாரிடமும் சொல்லாமல் அலுவலகம் போனார்.

மதியச் சாப்பாடுதான் பெரிய சங்கடம். நல்ல உணவகங்களில் துறைக்காரர்கள் இருப்பார்கள், தட்டில் கை வைத்ததுமே "எத்தனை?" என்று கேட்பார்கள். யாரும் அப்படிக் கேட்காத ஓர் இடம் ஊரில் இருந்தது. நீரேற்று நிலையத்தின் பின்னாலிருந்த குமுதவல்லி மெஸ். அங்கே எதைச் சாப்பிட்டாலும் நாற்பத்து மூன்றைத் தாண்டாது என்று எல்லோருக்கும் தெரியும். சுரங்கத் தொழிலாளர்களும் கையில் காசில்லாதவர்களும்தான் போவார்கள். குமுதவல்லி முன்பு மாடங்களின் இரும்புச் சட்டங்களைப் பற்றவைத்த வெல்டர். மாடங்கள் கட்டி முடிந்து வேலை போனதும் பற்றவைப்புப் பட்டறையிலேயே அடுப்பு வைத்தாள். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஐம்பதுக்குக் கீழே போன உணவகத்தின் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது விதி. குமுதவல்லிக்கு இது மூன்றாவது ஆண்டு. மூடப் பரிந்துரைக்கும் குறிப்பைப் பூவராகனே எழுதி, கையெழுத்துக்கு வைத்திருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எண் அப்படி இருந்தது, எழுதினார்.

அந்த மெஸ்ஸின் மூலையில் போய் உட்கார்ந்தார். தினைச் சோறும் ஜிலேபிக் கெண்டைக் குழம்பும் வந்தன. பக்கத்தில், ஊரிலேயே விலை குறைந்த கொட்டகை வெள்ளை ஒரு குவளை. நீரேற்று நிலையத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் விளைந்த திராட்சையில் செய்ததால் அந்தப் பெயர். பட்டியலில் ஏழாவது இடம், மதிப்பெண் முப்பத்தெட்டு.

பூவராகன் ஒரு கவளம் வைத்தார். பழக்கத்தில் காத்திருந்தார். பிறகு நினைவு வந்து, காத்திருப்பதில் பயனில்லை என்று விழுங்கினார். நெற்றி வியர்த்தது. மிளகாய் நாக்கின் இரு ஓரத்தையும் பிடித்துக்கொண்டது. அவசரமாகக் குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தார். குளிர்ச்சியாக, லேசாக, நெல்லிக்காயைக் கடித்த மாதிரி ஒரு புளிப்பு. அதன் வாலில் மிகக் கொஞ்சமாக இனிப்பு. எரிச்சல் அடங்கியது. ஆனால் குழம்பின் ருசி அடங்கவில்லை. முதலில் தெரியாத மீனின் ருசியும் பூண்டின் ருசியும் அதன் பின்னாலிருந்து எழுந்து வந்தன. இன்னொரு கவளம், இன்னொரு வாய் ஒயின். ஒன்று மற்றதைக் கூப்பிட்டது. தட்டு காலியானபோது அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஏன் என்று தெரியாததால் இன்னொரு மீன் கேட்டார்.

குமுதவல்லி கரண்டியோடு வந்து நின்றாள். அதிகாரிகளைப் பற்றி அவளுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

"எதுக்கு சார் இன்னொரு மீனு? மூடறதுதான்னு எழுதியாச்சுன்னு கேள்விப்பட்டேன். சாப்பிட்டுப் பாத்துட்டு மூடணும்னு புதுசா விதி வந்திருக்கா?"

பூவராகன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை, எதிரே உட்கார்ந்துகொண்டாள். தனக்கு நாமணியே கிடையாது என்றாள். பற்றவைக்கும் மின்சாரத்தில் நாமணி சூடாகி நாக்கைச் சுட்டுவிடும் என்று வெல்டர்களுக்கு மட்டும் பதிப்பதில்லையாம். வாழ்நாள் முழுக்க வெறும் நாக்கோடுதான் சமைக்கிறாள். இங்கே புளி கிடைக்காததால் பிஞ்சுத் திராட்சையை அரைத்துத்தான் குழம்புக்குப் புளிப்பு ஏற்றுகிறாள். அதே கொட்டகைத் திராட்சை. குழம்பும் ஒயினும் ஒரே கொடி என்பதால் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை என்று தனக்குத் தோன்றியதாகவும், ஆனால் சாப்பிடுகிற எல்லோரும் முப்பத்தெட்டு என்று முகம் சுளிப்பதால் தன் நாக்கில்தான் ஏதோ கோளாறு என்று இத்தனை நாள் நினைத்ததாகவும் சொன்னாள்.

இரண்டு பேருக்கும் ஒரே கோளாறு இருக்க முடியுமா என்று பூவராகன் யோசித்தார். மறுநாள் அலுவலகத்திலிருந்து மாதிரிப் புட்டிகள் ஏழையும் பையில் போட்டுக் கொண்டுவந்தார்.

அடுத்த ஏழு மதியங்கள் அவர் வாழ்க்கையிலேயே குழப்பமானவை, மகிழ்ச்சியானவையும்கூட. பட்டியலில் முதலிடம் வெண்மதிக்கு, தொண்ணூற்றிரண்டு. மரத்தூளில் ஊறப்போட்டுக் கனமாக்கிய ஒயின் அது. அதை மீன் குழம்போடு குடித்தபோது வாயில் இரும்பு ஆணியை வைத்த மாதிரி இருந்தது. தப்பாகக் குடித்துவிட்டோமோ என்று இன்னொரு முறை குடித்தார், இன்னொரு ஆணி. ஆனால் நிலக்கடலை அரைத்துவிட்ட காளான் குருமாவோடு அதே வெண்மதி பட்டுப்போல் இறங்கியது. சாரல் என்ற ஒயின் வறுத்த மீனோடு நன்றாக இருந்தது, குழம்போடு தண்ணீராகிவிட்டது. நன்றாக இருக்கிறது, இல்லை என்பதைச் சொல்லும் சொற்கள்கூட முதலில் அவருக்கு வரவில்லை. குமுதவல்லி "வழவழன்னு இருக்கு", "தொண்டையில நிக்குது", "முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடி வருது" என்று சொல்லச்சொல்ல, அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். குறிப்பேடு நிறையச் சொற்கள். ஓர் எண்கூட இல்லை. எட்டாம் நாள் அலுவலகத்தில் தன் பழைய குறிப்பை எடுத்துக் கிழித்தார். புதிதாக எழுதத் தொடங்கி, மதிப்பெண் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் பேனாவை மூடினார்.

அமர்வு நாள் வந்தது. பெரிய மாடத்தில் உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர். தலைமையில் துறை இயக்குநர் ஆரோக்கியசாமி, தொந்தியும் நிதானமும் உள்ள மனிதர், எந்தப் பிரச்சினைக்கும் நடைமுறையான வழி ஒன்று இருக்கிறது என்று நம்புகிறவர். இணைசுவைஞர் சுவைத்ததும் அவருடைய நாமணியின் எண் சுவரில் பெரிதாகத் தெரிய வேண்டும். குமுதவல்லியின் குழம்பும் கொட்டகை வெள்ளையும் வைக்கப்பட்டன. பூவராகன் சாப்பிட்டார், குடித்தார். சுவர் வெறுமையாக இருந்தது. பொறியைச் சரிபார்க்க ஆள் எழுந்தபோது பூவராகன் எழுந்து நின்றார்.

"பொறியில கோளாறு இல்ல சார். என் நாமணி செத்து ஒன்பது நாளாச்சு," என்றார். "ஆனா இது நல்லா இருக்கு."

ஆரோக்கியசாமி கோபப்படவில்லை. புரிந்துகொள்ள விரும்பினார்.

"நல்லா இருக்குன்னா, எத்தனை?"

"எத்தனைன்னு தெரியல சார். நல்லா இருக்கு."

"எழுபதா, எண்பதா? சும்மா ஒரு குத்துமதிப்பா சொல்லுங்க."

எண் இல்லாமலும் நன்றாக இருக்க முடியும் என்பதைப் பூவராகன் பல விதமாக விளக்கிப் பார்த்தார். நீண்ட நாள் உழைத்த ஒருவரின் மூளை இப்படி ஆகிவிட்டதே என்று உறுப்பினர்கள் சிலர் இரக்கத்தோடு தலையசைத்தார்கள். குமுதவல்லி வாசலருகே புடவை முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் பூவராகனுக்குத் தன் வேலையைப் பற்றிய பயம் கொஞ்சம் குறைந்தது. ஒரே ஒரு வேண்டுகோள் என்றார். வெண்மதியையும் கொட்டகை வெள்ளையையும் புட்டியோடு வைக்காமல் ஒரே மாதிரியான மண்கூஜாக்களில் ஊற்றி, எது எது என்று சொல்லாமல் எல்லோருக்கும் கொடுங்கள், அதற்குப் பிறகும் கொட்டகை முப்பத்தெட்டு என்றால் நானே ராஜினாமா எழுதுகிறேன் என்றார். நியாயமாகத்தான் பட்டது. கூஜாக்கள் வந்தன.

பன்னிரண்டு பேரும் குமுதவல்லியின் பாத்திரத்திலிருந்து கையில் வாங்கிய குழம்புச் சோற்றை ஒரு கவளம் வாயில் வைத்து, முதல் கூஜாவிலிருந்து ஒரு வாய் குடித்து, கண்ணைப் பாதி மூடிக் காத்திருந்தார்கள். மூன்று வினாடி போயிற்று. பத்துப் போயிற்று. ஒருவர் ஒருவராகக் கண்ணைத் திறந்து பக்கத்திலிருப்பவரைப் பார்த்தார்கள். யார் காதிலும் எண் விழவில்லை. வாய் நிறையச் சோறும் ஒயினுமாகப் பன்னிரண்டு பெரிய மனிதர்கள், விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நிதித்துறை அம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆரோக்கியசாமிக்கு விக்கல் எடுத்தது. விக்கலோடு மொத்தமும் உள்ளே போய்விட்டது.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் தன் உடம்புக்கு ஏதாவது ஆகிறதா என்று கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு இரண்டாவது கூஜாவிலிருந்து குடித்தார், முகம் கோணியது. மறுபடி முதல் கூஜாவுக்குப் போனார். குழம்பு இன்னும் இருக்கிறதா என்று வாசல் பக்கம் கேட்டார். அதற்குப் பின் மற்றவர்களும் துணிந்தார்கள். அரைமணி நேரத்தில் குமுதவல்லியின் பாத்திரம் காலி, முதல் கூஜாவும் காலி. அது கொட்டகை வெள்ளை என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. தங்கள் நாக்கின்மேலேயே அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எல்லா நாமணிகளும் ஒரே நேரத்தில் ஊமையானது ஏன் என்று நாமணி செய்த பூமி நிறுவனத்துக்குச் செய்தி அனுப்பினார்கள்.

செய்தி பூமிக்குப் போய்ச்சேர பன்னிரண்டு நிமிடம். வாடிக்கையாளர் பிரிவு பதிலளிக்க நாற்பது நாள். பதில் மரியாதையாக இருந்தது. நாமணியின் சுவை நுகரும் பகுதி பூமியின் காற்றழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. செவ்வாய் மாடங்களின் மெல்லிய காற்றில் அது முதல் நாளிலிருந்தே இயங்கவில்லை. வாடிக்கையாளர்களுக்கு ஏமாற்றம் ஏற்படக் கூடாதென்று, புட்டியிலும் தட்டிலும் ஒட்டியிருக்கும் வில்லையிலிருந்து விலையைப் படித்து அதற்கேற்ப மதிப்பெண் சொல்லும் வசதியைக் கூடுதல் கட்டணமின்றிச் சேர்த்துள்ளோம். மண்கூஜாவிலும் சமையல் பாத்திரத்திலும் வில்லை இல்லாததே தற்போதைய சிரமத்துக்குக் காரணம். கடந்த நாற்பத்து மூன்று ஆண்டுகளில் இதுபற்றி எந்தப் புகாரும் வரவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

கடிதத்தைப் படித்த அன்று பூவராகன், இனி ஊர் மாறிவிடும் என்று நினைத்தார். ஆரோக்கியசாமியும் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றுதான் நினைத்தார். பதினோராயிரம் நாக்குகளிலிருந்தும் நாமணியை எடுக்க மருத்துவர்கள் போதாது. உண்மையை அறிவித்தால் கலவரம் வராவிட்டாலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பட்டினி கிடப்பார்கள். ஆனால் ஒரு நல்ல ஒயினையும் நல்ல சாப்பாட்டையும் மக்கள் நாற்பது ஆண்டுகளாக ருசிக்காமல் இருப்பது அநியாயம், அதைச் சரிசெய்தாக வேண்டும். இரண்டு நாள் யோசித்து, நடைமுறையான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். கொட்டகை வெள்ளையின் விலையை ஏற்றினார். குமுதவல்லி மெஸ்ஸின் விலைப்பலகையையும் துறையே மாற்றி எழுதியது.

மறுநாள் மதியமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கொட்டகை வெள்ளை தொண்ணூற்று நாலு. கெண்டைக் குழம்போடு சேர்த்தால் தொண்ணூற்று ஏழு. மெஸ் வாசலிலிருந்து நீரேற்று நிலையத்தின் இரண்டாவது குழாய்வரை வரிசை நின்றது. சுரங்கத் தொழிலாளர்கள் சம்பள நாளில் மட்டும் வந்தார்கள், கண்ணை மூடிக் காத்திருந்து, பரவசத்தோடு விழுங்கினார்கள். வெண்மதியின் விலையை இறக்கிவிட்டதால் அதை இப்போது யாரும் தொடுவதில்லை. மெஸ்ஸின் இடம் தப்பியது. பூவராகனின் வேலையும் தப்பியது. அவருக்கு முதன்மை இணைசுவைஞர் என்று பட்டம் கொடுத்து, சால்வை போர்த்தினார்கள். சம்பளத்தை உயர்த்த யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே, கொட்டகை வெள்ளையின் ருசி தெரிந்த ஊரின் ஒரே அதிகாரிக்கு அதை வாங்கக் கட்டுப்படியாகவில்லை. இரண்டு வாரம் அவர் மெஸ்ஸுக்கு வராததைக் கவனித்த குமுதவல்லி, ஒருநாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். மீனைத் தட்டில் வைத்து, அடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துவந்தாள். டப்பாவில் 'குழாய் கழுவி' என்று எழுதியிருந்தது. பூவராகன் அவளைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க சார். கொட்டகைத் தொட்டியில கடைசியா அடியில நிக்கறது. கொஞ்சம் கலங்கலா இருக்கு, புட்டியில அடைக்க முடியாது. என்ன பேர் வெச்சு விக்கறதுன்னு தெரியாம இப்படி எழுதியிருக்காங்க. யாரும் வாங்கல. நான்தான் வாங்கறேன். அதே ஒயின்தான்."

முகர்ந்தார். குடித்தார். அதே நெல்லிக்காய்ப் புளிப்பு, அதே இனிப்பு வால். அன்றிலிருந்து தினமும் வந்து, குழாய் கழுவியோடு கெண்டைக் குழம்பு சாப்பிட்டார். ஊரில் தன்னைப்போல் சந்தோஷமாகச் சாப்பிடுகிறவன் ஒருவனும் இல்லை என்று அவருக்கு ஒரு சின்னக் கர்வம்கூட வந்தது.

ஒரு சம்பள நாளில் இடமில்லாமல் அவருக்கு எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தார். பெயர் பிச்சைக்கண்ணு, சுரங்கம் தோண்டும் பொறியை ஓட்டுகிறவர். மாதம் முழுக்கச் சேர்த்துவைத்துக் கொட்டகை வெள்ளை ஒரு புட்டி வாங்கியிருந்தார். ஒரு வாய் குடித்துக் காத்திருந்து, தொண்ணூற்று நாலைக் கேட்டு, கண்கலங்கினார். அப்போதுதான் எதிரே இருப்பவர் தகர டப்பாவிலிருந்து ஊற்றிக்கொள்வதைக் கவனித்தார். டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்தார். சால்வையெல்லாம் வாங்கிய அதிகாரிக்கு இந்தக் கதியா என்று அவர் முகம் வாடிவிட்டது. தன் புட்டியை எடுத்து, பூவராகன் மறுப்பதற்குள் அவருடைய குவளையில் பாதிவரை ஊற்றினார்.

"சாப்பிடுங்க சார். ஒரு நாளாச்சும் நல்லதா சாப்பிடுங்க," என்றார்.

ஒரே தொட்டி, ஒரே திராட்சை, ஒரே நாளில் வடித்தது. பூவராகனுக்கு இது நன்றாகத் தெரியும். அவர் நாக்குக்கு அடியில் இயங்குகிற பொறி எதுவும் இப்போது இல்லை. அந்த மனிதரின் நல்ல மனதுக்காகக் குவளையை எடுத்து மெதுவாகக் குடித்தார், வாயில் வைத்திருந்து விழுங்கினார். குமுதவல்லி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி சார்? வித்தியாசம் தெரியுதா?"

பூவராகன் இன்னொரு வாய் குடித்தார்.

"தெரியுது," என்று சொல்லி, பிச்சைக்கண்ணு பக்கம் திரும்பினார். "உங்களுது கொஞ்சம் தேவலைதான்."

சொல்லிவிட்டுக் குவளையைக் கீழே வைத்தபோதுதான், அது உபசாரத்துக்குச் சொன்ன பொய் இல்லை என்பது அவருக்கே உறைத்தது.